மூலையில் ஒளிர்ந்த பச்சை எண்

"ஏமாத்திட்டான் மேடம். பச்சத் துரோகம். இதுக்குன்னே மதுரைல தனியா ஒரு கோர்ட்டு வேணும்."

உதவியாளன் பீமாராவ் இப்படிப் பொங்கியது கொலையைப் பற்றியோ கொள்ளையைப் பற்றியோ அல்ல. போன வாரம் வாங்கிய தன் புதுப் போனைப் பற்றி.

கோச்சடையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது வாலாம்பாள் துப்பறியும் நிலையம். கீழே பல்லைப் பிடுங்குவார்கள், மேலே உண்மையைப் பிடுங்குவார்கள் என்று பலகையில் எழுத வேண்டும் என்பது பீமாராவின் நெடுநாள் ஆசை. வாலாம்பாள் அனுமதிக்கவில்லை. அவள் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைத் துருவும் வேலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். செத்துவிட்டதாகச் சான்றிதழ் வாங்கப்பட்ட எருமைகளைப் பக்கத்து ஊரில் உயிரோடு கண்டுபிடித்த அனுபவம் அவளுக்கு உண்டு. விளம்பரம் அவளுக்குப் பிடிக்காது. காபி ஆறிப்போனாலும் பிடிக்காது.

"என்னடா ஏமாத்திட்டான்?"

"திரை ஒரு செகண்டுக்கு நூத்திருவது தடவ புதுப்பிக்கும்னு டப்பால போட்டிருக்கான். விரல வச்சா வழுக்கிக்கிட்டு ஓடும்னான். பாருங்க, செட்டிங்ஸ்ல நூத்திருவது. போட்டோ பாத்தா நூத்திருவது. அவனோட பிரவுசர்லயும் நூத்திருவது. இப்ப சாட் ஆப்பைத் திறக்கேன். பாத்தீகளா, அறுவது. அவன் வீட்டு ஆப்புக்கெல்லாம் தலைவாழை இலை, வெளியூர்லேருந்து வந்த ஆப்புக்கெல்லாம் பேப்பர் தட்டு. நான் பொழுதன்னைக்கும் கெடக்கறது சாட்ல. எனக்கு எதுக்கு மேடம் செட்டிங்ஸ் வழுக்கணும்?"

"அது சரி, மூலையில என்ன பச்சையா ஒரு நம்பர் மினுக்கிண்டே இருக்கு?"

"அதான் வேகத்தக் காட்டுற நம்பர். போனுக்குள்ள ஒரு ஒளிஞ்ச இடத்துல போய் ஆன் பண்ணி வச்சிருக்கேன்."

"கண்ணை உறுத்தறது. அணைச்சுத் தொலை."

"அணைச்சா எனக்குக் கோவம் ஆறிப்போகும் மேடம்."

அப்போதுதான் படியேறி வந்த மூச்சிரைப்போடு ஓர் அம்மாள் வாசலில் நின்றாள். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் குடும்பம், பெயர் சீனியம்மாள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் அழகுபாண்டிக்கும் திருவாதவூர் பவதாரிணிக்கும் நிச்சயம் முடிந்திருக்கிறது. பெண் கால்நடை டாக்டர். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் முளைத்த முதல் டாக்டர். போன செவ்வாய்க்கிழமை யாரென்றே தெரியாத ஒரு எண்ணிலிருந்து சொந்தக்காரர்கள் குரூப்புக்கு ஒரு வீடியோ வந்தது. பவதாரிணி எவனோ ஒருவனோடு சாட்டில் கொஞ்சுகிறாள், கல்யாணத்துக்குப் பிறகும் சந்திக்கலாம் என்கிறாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் நிச்சயத் தட்டத் திருப்பிக் குடுக்கப் போறோம்மா," என்றாள் சீனியம்மாள். "எங்க வீட்டுப் பெரியாளுக வேன் சொல்லிட்டாக. அந்தப் புள்ள வேலை பாக்குற ஆஸ்பத்திரி வரைக்கும் வீடியோ போயிருச்சாம். மாட்டப் பிடிச்சுக்கிட்டு வாரவன்கூட மூஞ்சியப் பாத்துச் சிரிக்கானாம். தட்டு மட்டும் திரும்பிருச்சுன்னா அது அம்புட்டும் உண்மைன்னு நாங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்."

"நீங்க மாப்பிள்ளையோட அம்மா. பொண்ணுக்காகவா வந்திருக்கேள்?"

"நிச்சயத்தன்னைக்குப் பக்கத்து வீட்டுல ஒரு மாடு ஈன முடியாமக் கெடந்துச்சு. இந்தப் புள்ள பட்டுச் சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டுப் போயி, கன்னுக்குட்டிய வெளிய எடுத்துட்டு, கையக் கழுவிட்டு வந்து எனக்குக் காபி குடுத்துச்சு. அப்பவே இவதான் என் மருமகள்னு நான் முடிவு பண்ணிட்டேன். அந்தக் கை இப்படியெல்லாம் எழுதாதும்மா. எனக்கு நிரூபிக்கத்தான் தெரியல."

வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கையில் வைத்திருக்கும் போனை இன்னொரு போனால் எடுத்த வீடியோ. இருட்டில் ஒளிரும் திரையும் ஒரு ஆண் கட்டைவிரலும்தான் தெரிந்தன. மேலே பவதாரிணி என்ற பெயரும் அவள் படமும். கட்டைவிரல் நிதானமாகத் தள்ளத் தள்ள, கொஞ்சல்கள் வரிசையாக மேலே ஏறின. நிற்கிற படம் என்றால் ஒட்டு வேலை என்று சொல்லிவிடலாம். விரல் வைத்துத் தள்ளிக் காட்டுகிறான், அதற்கு என்ன சொல்வது? சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் விழுந்துவிட்டார்கள்.

பீமாராவ் மட்டும் வேறொரு காரணத்துக்காகத் திரையை முறைத்தான். அவன் முகத்தில் இருந்தது சுத்தமான பொறாமை.

"எவன் மேடம் இவன்? இது என் போன் கம்பெனிதான். மூலைல பாருங்க, அதே பச்ச, அதே பட்டை எழுத்து. வேற கம்பெனி போன்ல இந்த நம்பர் கட்டம் கட்டி வரும். ஆனா இவனுக்கு மட்டும் எப்படி சாட்ல நூத்திருவது ஓடுது? எனக்கு அறுவதுதான வருது?"

வாலாம்பாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"சாட் ஆப்ல நூத்திருவது ஓடு..." பாதியிலேயே அவனுக்கும் உறைத்துவிட்டது. "மேடம். இது சாட் ஆப்பே இல்ல."

"உன் பாஷையில சொல்லணும்னா, தலைவாழை இலையில சாப்பிடறவன் வெளியூர்க்காரன் இல்ல. சாட் மாதிரியே ஒரு வலைப்பக்கம் பண்ணி, அந்தக் கம்பெனியோட சொந்த பிரவுசர்ல முழுத் திரைக்குத் திறந்து வெச்சுண்டு தள்ளிக் காட்டியிருக்கான்." அவள் சீனியம்மாளின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

"எங்க ஆளுக எல்லாரும் கருப்புன்னு ஒருத்தனச் சொல்றாக. பொண்ணோட அத்தை மகன். கட்டிக்கிறேன்னு கேட்டவன். அவனியாபுரத்துலதான் போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான்."

"முறைப்பையன், கேட்டு இல்லேன்னு ஆனவன், அதுலயும் போன் கடை," என்று பீமாராவ் செருப்பை மாட்டினான். "நேராப் போயி கையில காப்பு மாட்டிர வேண்டியதுதான்."

"உன்கிட்ட காப்பு இருக்காடா?"

"ரப்பர் பேண்டு இருக்கு மேடம்."

ஷேர் ஆட்டோ அவனியாபுரம் போய்ச் சேருவதற்குள் பீமாராவ் கருப்பைக் கைது செய்து, விசாரித்து, தண்டனையும் கொடுத்து முடித்திருந்தான். கடையில் இருந்த ஆளோ தண்டனைக்கு ஏற்ற தோற்றத்தில் இல்லை. நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு, விரல் நகம் அளவு திருகாணியைத் தரையில் தேடிக்கொண்டிருந்தான்.

"கட்டிக்கிறேன்னு கேட்டது உண்மைதாண்ணே," என்றான் கருப்பு, மறைக்காமல். "அது வேணாம்னு சொல்லிருச்சு. ஒரு நாள் பூராக் கடையத் திறக்கல. மறுநா திறந்துட்டேன். நிச்சயத்துக்கு மைக்செட்டுக்குச் சொல்லிவிட்டதே நாந்தான். மைக்செட்டுக்காரரு போன் பண்ணப்பப் பின்னால அந்தப் பாட்டுச் சத்தங் கேட்டுச்சு, அதுதான் கொஞ்சம் சங்கடமாப் போச்சு."

பீமாராவ் ரப்பர் பேண்டைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தான்.

வாலாம்பாள் வீடியோவை நிறுத்தி அந்தப் பச்சை எண்ணைக் காட்டினாள். "இதை யாராவது ஆன் பண்ணி வெச்சுப்பாளா? இந்தப் பயலைத் தவிர?"

கருப்பு சிரித்தான். "இங்கிட்டுப் பாதிப் பேரு போன்ல இது ஓடும்மா. நாந்தான் காரணம். திரை உடைஞ்சு கொண்டுவருவாக. மாத்திக் குடுத்தா டூப்ளிகேட் போட்டுட்டான்னு சந்தேகப்படுவாக. டூப்ளிகேட் அறுவதுக்கு மேல ஏறாது. அதனால இந்த நம்பர ஆன் பண்ணி, நூத்திருவது ஓடுது பாத்துக்கங்கன்னு காட்டித்தான் கையில குடுப்பேன். அணைச்சுக் குடுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கெத்தா இருக்குன்னு அப்படியே விட்டுட்டுப் போயிருவாக. கொஞ்ச நாள்ல அது இருக்கறதே அவுகளுக்கு மறந்துபோகும்."

"வேற கடையிலயும் இப்படிச் செய்வாளா?"

"இல்லம்மா. இது நாமளாக் கண்டுபிடிச்ச விளம்பரம்."

"யார் யாருக்கு மாத்தினேன்னு ஞாபகம் இருக்கா?"

"எம்புட்டோ பேரு. ஜல்லிக்கட்டு முடிஞ்ச வாரத்துல மட்டும் ஒரு கூடை உடைஞ்ச திரை வந்துச்சு. யாருன்னு ஞாபகம் வச்சுக்க முடியுமா?"

வெளியே வந்ததும் பீமாராவ் கணக்குப் போட்டான். "அப்ப அந்த போன் திருவாதவூர்க்காரனோடது இல்ல. அவனியாபுரத்து போன். மாப்பிள்ளையோட ஊரு."

"பரவாயில்லையே. மூளைக்கும் ஒரு அப்டேட் வந்திருக்கு போல."

அவள் வாய் முகூர்த்தமோ என்னவோ, அவன் போன் அந்த நிமிஷமே அதிர்ந்தது. கடையில் பேசிக்கொண்டிருந்தபோது கருப்பின் வைஃபையில் ஏதோ இறங்கி முடிந்திருக்கிறது. அணைந்து எழுந்த போனில் அவன் சாட் ஆப்பைத் திறந்து பார்த்தான். பிறகு நடுத் தெருவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினான்.

"மேடம், வந்துருச்சு. சாட்லயும் நூத்திருவது. வெளி ஆப்புகளுக்கும் இன்னையிலேருந்து முழு வேகம்னு போட்டிருக்கான். இன்னைக்குக் காலைலதான் எல்லாருக்கும் விட்டிருக்கான். என்னா வழுக்கு வழுக்குது பாருங்க." அந்தச் சந்தோஷம் அரைத் தெரு தூரம்தான் தாங்கியது. "அய்யய்யோ. நம்ம துருப்புப் போச்சே. இப்ப யாரு போனத் திறந்து பாத்தாலும் சாட்ல நூத்திருவது காட்டுமே. சபைல வச்சு நம்மளக் காறித் துப்பிருவாகளே."

வாலாம்பாள் சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம். செத்த எருமை தொழுவத்தில் வைக்கோல் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தபோதும் இப்படித்தான் சிரித்திருப்பாள்.

"வா, உனக்குப் பருத்திப்பால் வாங்கித் தரேன். ஆனா இந்த அப்டேட் விஷயத்தை நான் கேக்கற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடப்படாது."

சாயங்காலம் திருவாதவூரில் பவதாரிணி வீட்டு முன்னறை நிறைந்திருந்தது. வாடகை நாற்காலிகளில் ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், எதிர்ப்பக்கம் பெண் வீட்டார். நடுவில் யாரும் உட்காரவில்லை. பவதாரிணியின் அம்மா தங்கப்பொண்ணு எல்லோருக்கும் டீ கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் தொடவில்லை. சீனியம்மாளின் மடியில் வெற்றிலை, பழத்தோடு அந்தத் தட்டு இருந்தது. நிச்சயத்தன்று இந்த வீட்டிலிருந்து போன தட்டு.

பவதாரிணி வேலையிலிருந்து நேராக வந்தாள். சேறு படிந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. இப்போது அழவில்லை.

மாப்பிள்ளை அழகுபாண்டி நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாவம், எவ்வளவு மனம் உடைந்திருக்கிறான் என்று அவன் பக்கத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள். சுவரோரம் அத்தை மகன் என்ற உரிமையில் கருப்பு நின்றான். அவனைப் பார்த்த கண்களில் எல்லாம் சந்தேகம் இருந்தது.

"தட்டைக் கீழ வைக்கறதுக்கு முன்னால எனக்கு ஒரு நிமிஷம் குடுங்கோ," என்று எழுந்தாள் வாலாம்பாள். "அந்த வீடியோ பொய். அதுல தெரியற போன்ல வேகம் காட்டற ஒரு நம்பர் ஓடறது, நூத்திருவதுன்னு. அந்தப் போன்ல சாட் ஆப் அறுவதுக்கு மேல போகவே போகாது. அதனால அது சாட்டே இல்ல."

சபையில் முணுமுணுப்பு. பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டியது மீதிப் பாதி. பீமாராவ் கண்ணை மூடிக்கொண்டான். போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று அவன் உதடுகள் அசைந்தன.

அழகுபாண்டி தலையை நிமிர்த்தினான்.

"தப்பா சொல்றீங்க மேடம்," என்றான் மரியாதையாக. "எனக்கும் பவதாரிணி மேல தப்பில்லன்னு இருந்தா சந்தோஷந்தான். அதுக்காக இல்லாதத சொல்லக் கூடாதுல்ல. இந்த மாடல்ல சாட் ஆப்பும் நூத்திருவது போகும். இந்தா, என் போன்லயே பாருங்க." போனை எடுத்துச் சாட்டைத் திறந்து, கட்டைவிரலால் தள்ளிக் காட்டினான். மூலையில் பச்சையாக நூற்றிருபது ஒளிர்ந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொடையைத் தட்டினார். "அப்பறம் என்னம்மா? வேலையப் பாருங்க."

வாலாம்பாள் அழகுபாண்டியின் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தாள். "ஆமாம், நூத்திருவது. நன்னா ஓடறது. தம்பி, இந்த மாடல்னு சொன்னேளே. எந்த மாடல்னு நான் சொல்லவே இல்லியே?"

அவன் விரல் நின்றது.

"வீடியோல திரையும் கட்டைவிரலும்தான் தெரியறது. கம்பெனி பேர் தெரியல, போனோட முதுகு தெரியல. எங்க பீமாராவுக்கு அது என்ன போன்னு தெரிஞ்சுது, ஏன்னா அவன் அந்தப் போனோட மல்லுக்கு நின்னுண்டிருக்கறவன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது... சும்மா, பாத்தா தெரியும்ல மேடம். எல்லாரு போன்லயும்..."

"பீமா, உன் போனுக்கு இன்னிக்கு என்ன வந்தது?"

பீமாராவ் கண்ணைத் திறந்தான். அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. முகம் முழுக்கப் பல்லாக எழுந்து நின்றான். "அப்டேட்டு மேடம். வெளி ஆப்புகளுக்கும் இன்னையிலேருந்து முழு வேகம்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். இன்னைக்குக் காலைலேருந்து. மாப்ள போனுலயும் அதே அறிவிப்பு கெடக்கும், மேலேருந்து கீழ இழுத்தா தெரியும்."

"வீடியோ வந்தது போன செவ்வாய்க்கிழமை," என்றாள் வாலாம்பாள். "அன்னிக்கு இந்த மாடல்ல நிஜமான சாட்டைத் திறந்திருந்தா அறுவதுதான் காட்டியிருக்கும். இவர் இன்னிக்குக் காட்டற நூத்திருவது இன்னிக்குப் பொறந்தது. என்னை மறுத்துப் பேசணும்னு யாருக்கு அவ்வளவு அவசரம்னு பாக்கத்தான் காத்துண்டிருந்தேன். பொண்ணு நல்லவள்னு ஆகப்போறதே, மாப்பிள்ளை சந்தோஷப்படலியேன்னு யாருக்காவது தோணித்தோ?"

சீனியம்மாள் மடியிலிருந்த தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து மகனிடம் வந்தாள்.

"நீயா?"

அழகுபாண்டி அம்மாவைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா. கோயமுத்தூர்ல கூட வேலை பாக்குற ஒரு புள்ளைய... ரெண்டு வருசமா. உங்கிட்ட சொன்னா நீ சாப்பிடாமக் கெடப்ப. ஊரக் கூட்டுவ. நம்ம பெரியாளுகளே வேணாம்னு சொல்லிட்டா பிரச்சன இல்லன்னு நெனச்சேன்."

"நான் ரெண்டு வேள சாப்பிடாமக் கெடப்பேன்னு பயந்து, ஒரு பொம்பளப் புள்ளய ஊரு பூரா சிரிக்க விட்டியாடா?" கையை ஓங்கினாள். பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாலாம்பாளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கேஸ் முடிந்தால் கோபப்படக் கூடாது என்பது அவள் தொழில் வழக்கம். இன்று அதை விட்டுவிட்டாள். "வேணாம்னு சொல்ல உனக்கு வாய் வரல. அதுக்கு அவ பேரை எடுத்துண்டே. அதோ நிக்கறானே, அவன்கிட்ட இவ வேணாம்னு சொன்னா. கேட்டுண்டான். மைக்செட் ஏற்பாடு பண்ணினான். ஊர் பூரா சந்தேகப்பட்டது அவனைத்தான்."

கருப்பு தரையைப் பார்த்தான், அங்கே ஏதோ திருகாணி விழுந்துகிடப்பது போல.

அதுவரை வாயே திறக்காத பவதாரிணி முன்னால் வந்தாள்.

"அந்த வீடியோவ எந்த குரூப்ல போட்டீங்களோ, அதே குரூப்ல இப்பப் பேசுங்க. உங்க மூஞ்சி தெரியணும், உங்க பேரு சொல்லணும். நீங்கதான் செஞ்சீங்கன்னு சொல்லணும். எங்க ஆஸ்பத்திரிக்கு அந்த வீடியோ எப்படி வந்துச்சோ, அதே மாதிரி இதுவும் வந்துரும்."

அழகுபாண்டி தயங்கினான். தொடையைத் தட்டிய அதே பெரியவர் இப்போது அவன் தோளைத் தட்டினார். "பேசுடா." பீமாராவ் போனைப் பிடித்துக்கொண்டான். அழகுபாண்டி திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். அனுப்பிய மறுகணமே அறைக்குள் இருந்த போன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. தங்கப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போன டீயை எடுத்துப்போக வந்தாள்.

சீனியம்மாள் நாற்காலியில் இருந்த தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தாள். திரும்ப எடுத்துப்போகலாமா, கேட்கலாமா, மன்னிப்பு என்று ஏதாவது சொல்லலாமா?

"வச்சுட்டுப் போங்க," என்றாள் பவதாரிணி. உள்ளே போய் அவர்கள் வீட்டிலிருந்து வந்த தட்டை எடுத்துவந்து சீனியம்மாளின் கையில் கொடுத்தாள். "இது உங்களது. இப்ப வேணாம்னு சொல்றது நான். எல்லாரும் கேட்டுக்கங்க."

மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக வேனுக்குப் போனார்கள். சீனியம்மாள் கடைசியாக இறங்கினாள். வாசலில் அந்த ரப்பர் பூட்ஸ் அருகே நின்றாள். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, வெட்கத்தோடு பேசினாள்.

"எங்க வீட்டு மாடு சினையா இருக்கு. இதுதான் தலை ஈத்து. கேக்க எனக்கு வாய் கூசுது."

பவதாரிணி படியிறங்கி வந்து அந்த அம்மாளின் கையிலிருந்த தட்டில் சரிந்த பழத்தை நேராக வைத்தாள்.

"வலி கண்டதும் போன் பண்ணுங்கத்த," என்றாள். "எந்நேரமா இருந்தாலும் வாரேன்."